கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்

போன மாதம் அக்கா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினான். கல்லூரியில் முதல் வருடம். கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ண வேண்டும், மானிட்டர் சேர்க்காமல் அறுபதாயிரத்துக்குள் முடிய வேண்டும். பையன் நன்றாகவே உழைத்திருந்தான். ப்ராசஸருக்கு மூன்று மாடல், கிராஃபிக்ஸ் கார்டுக்கு நான்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கடை விலை, பக்கத்தில் எந்த கேமில் எத்தனை ஃப்ரேம் கிடைக்கும் என்ற கணக்கு. கடைசி வரியில் மட்டும் மாடல் பெயர் இல்லை. "எஸ்எம்பிஎஸ் – ஏதாவது." அதன் கீழே, "மாமா, இதுல எங்க குறைக்கலாம்னு சொல்லுங்க."

அந்த "ஏதாவது"வைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் அதே வரியில்தான் எங்கள் வீட்டுப் பணம் புகையாகப் போனது. அதைச் சொல்வதற்கு முன் இந்தப் பட்டியலின் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு மெஷினை இப்படித் தனித்தனி வரியாக எழுதி, இதில் குறை, அதில் கூட்டு என்று பேரம் பேச முடிகிறதே, அது யாரும் யோசித்துக் கொடுத்த உரிமை கிடையாது. டிவியை நாம் அப்படி வாங்குவதில்லை. ஃபோனையும் வாங்க முடியாது. கம்ப்யூட்டரில் மட்டும் அது முடிவதற்குக் காரணம் ஒரு பெரிய கம்பெனியின் அவசரம்.

*

1980இல் ஐபிஎம் அவசரத்தில் இருந்தது. ஆப்பிளும் டேண்டியும் காமடோரும் வீட்டு மேசையில் வைக்கிற கம்ப்யூட்டர்களை விற்றுக்கொண்டிருந்தன. அறையை அடைக்கும் மெஷின்களில் ராஜாவாக இருந்த ஐபிஎம்மிடம் அந்த விலையில் கொடுக்க எதுவும் இல்லை. ஃபுளோரிடாவில் போகா ரேட்டன் என்ற ஊரில் ஒரு சின்னக் குழுவை உட்காரவைத்து, ஒரே வருடத்தில் ஒன்றைச் செய்துகொண்டு வாருங்கள் என்றார்கள். டான் எஸ்ட்ரிட்ஜ் என்பவர் அதற்குத் தலைவரானார்.

ஐபிஎம்மின் வழக்கப்படி எல்லாவற்றையும் தாங்களே செய்திருந்தால் ஒரு வருடம் போதாது. அதனால் குழு கடைக்குப் போவது மாதிரிப் போய் வெளியில் கிடைத்ததை வாங்கியது. ப்ராசஸர் இண்டெலின் 8088. டிஸ்க் டிரைவ் டேண்டன் கம்பெனியுடையது. இயங்குதளம் மைக்ரோசாஃப்டிடமிருந்து. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் பிசி அறிமுகமானது. ஆரம்ப விலை 1,565 டாலர். அந்த விலைக்கு 16 கிலோபைட் நினைவகம்தான். டிஸ்க் டிரைவும் கிடையாது, திரையும் கிடையாது. மூடியைத் திறந்தால் உள்ளே ஐந்து ஸ்லாட்டுகள். வேண்டிய கார்டை வாங்கிச் செருகிக்கொள்ளலாம். அந்த கார்டை வேறு கம்பெனிகள் செய்யட்டும் என்று சர்க்யூட் படங்களோடு ஒரு கையேட்டையும் ஐபிஎம் விற்றது. பயாஸ் என்கிற அடிப்படை நிரலைக்கூட அதில் வரி வரியாக அச்சிட்டிருந்தார்கள்.

இது தாராள மனசு மாதிரித் தெரியும். ஆனால் அச்சிட்டிருந்த பயாஸுக்குக் காப்புரிமை ஐபிஎம்முடையது. மற்ற எல்லாப் பாகங்களையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த நிரலைப் பார்த்து எழுதினால் வழக்கு வரும். பூட்டு அங்கே இருந்தது.

1982இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸிலிருந்து வெளியே வந்த மூன்று பேர், ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் முர்ட்டோ, ஹூஸ்டனில் காம்பேக் கம்பெனியைத் தொடங்கினார்கள். முதல் மெஷினின் படத்தை ஒரு பை கடையில், தட்டுக்குக் கீழே விரிக்கும் காகிதத்தில் வரைந்தார்கள் என்பது அந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை. பூட்டைத் திறக்க அவர்கள் எடுத்த வழி எளிமையானது, செலவு பிடித்தது. ஒரு குழு ஐபிஎம்மின் பயாஸைப் படித்து, அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுக்கும். அந்த நிரலைக் கண்ணாலேயே பார்க்காத இன்னொரு குழு, அதே வேலையைச் செய்யும் நிரலைப் புதிதாக எழுதும். 1983இல் விற்பனைக்கு வந்த காம்பேக் போர்ட்டபிள் அந்த வருடமே 53,000 விற்றது. அடுத்த வருடம் ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி இதே முறையில் எழுதிய பயாஸை, காசு கொடுக்கும் யாருக்கும் விற்க ஆரம்பித்தது. பூட்டு போய்விட்டது.

ஐபிஎம் சும்மா இருக்கவில்லை. 1987இல் பிஎஸ்/2 என்ற புது வரிசையில் ஸ்லாட்டையே மாற்றி, அதைச் செய்ய விரும்புகிறவர்கள் உரிமத் தொகை கட்ட வேண்டும் என்றது. மற்ற கம்பெனிகள் கட்டவில்லை. மறு வருடம் ஒன்பது கம்பெனிகள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு ஸ்லாட்டை அறிவித்தன. அந்த ஸ்லாட்டும் பெரிதாகப் போகவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் பிசியின் உருவத்தை இனி ஒரே கம்பெனி தீர்மானிக்க முடியாது என்பது அன்றைக்கே உறுதியாகிவிட்டது. 1995இல் இண்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவை வெளியிட்டது. போர்டில் திருகு துளை எங்கே, பின்பக்கத் துவாரம் எங்கே, எஸ்எம்பிஎஸ் எத்தனை அகலம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அக்கா பையன் இன்றைக்கு ஒரு கம்பெனியின் கேபினெட்டையும் இன்னொரு கம்பெனியின் போர்டையும் பொருந்துமா என்று யோசிக்காமல் எழுதுகிறான் என்றால், அந்த அளவின் புண்ணியம்.

*

தரம் பொதுவானபின் தயாரிப்பு தைவானுக்குப் போனது. எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஏசஸ் எல்லாம் எண்பதுகளில் அங்கே தொடங்கிய கம்பெனிகள். அங்கிருந்து பெட்டிகள் இந்தியாவுக்கும் வந்தன. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 1997இல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கம்ப்யூட்டர் பாகங்கள் மீதான சுங்க வரி படிப்படியாகக் குறைந்து 2005 வாக்கில் இல்லாமலேயே போனது.

சென்னையில் இந்தப் பெட்டிகள் இறங்கிய இடம் ரிச்சி ஸ்ட்ரீட். மவுண்ட் ரோட்டை ஒட்டி, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக்கிடக்கும் சந்துகள். ரேடியோ உதிரிபாகம் விற்ற தெரு அது. வால்வு, கண்டென்சர், ஸ்பீக்கர் காயில் என்று கேட்டு வாங்கிப் பழகிய கடைகளுக்கு, ப்ராசஸரையும் ரேமையும் தனித்தனியாக விற்பது புதிய தொழிலாகவே தெரிந்திருக்காது. கடைக்காரர் ஒரு துண்டுக் காகிதத்தில் கொட்டேஷன் எழுதுவார். ப்ராசஸர், போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர், கீபோர்டு, மவுஸ். நடுவில் ஒரே வரியாக, "கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்". சோறு வாங்கினால் ரசம் கூட வருகிற மாதிரி, டப்பா வாங்கினால் எஸ்எம்பிஎஸ் கூட வரும். யார் செய்தது என்று யாரும் கேட்டதில்லை.

*

கேமுக்கென்று பாகம் பொறுக்கும் பழக்கம் தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. அதற்கு முன் ப்ராசஸர் வேகமானால் எல்லாமே வேகமாகும் என்று நம்பினால் போதும். 1996 ஜூனில் வந்த க்வேக் அந்த நம்பிக்கையை உடைத்தது.

அப்போது சைரிக்ஸ் என்ற கம்பெனி இண்டெலைவிட மலிவாக ப்ராசஸர் விற்றது. 6எக்ஸ்86 வரிசையில் 150 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சில்லுக்கு 200+ என்று பெயர் வைத்தார்கள், 200 மெகாஹெர்ட்ஸ் பெண்டியத்துக்கு ஈடு என்ற அர்த்தத்தில். ஆஃபீஸ் வேலையில் அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் க்வேக் முழு முப்பரிமாணத்தில் ஓடும் கேம். தசமக் கணக்குகளை நம்பி எழுதப்பட்டது, அதிலும் பெண்டியத்தின் தசமக் கணக்குப் பகுதியை மனதில் வைத்து எழுதப்பட்டது. சைரிக்ஸ் வீக்காக இருந்ததும் அங்கேதான். மிச்சம் பிடித்து சைரிக்ஸ் வாங்கியவர்கள் வீட்டில் க்வேக் திணறியது. பில்லில் 200+ என்றுதான் இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. வாங்குகிறவர் எதற்கு வாங்குகிறார் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதே வருடம் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ கார்டு வந்தது. முப்பரிமாணம் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டு வேண்டும். இரண்டையும் பின்னால் ஒரு வயரால் கோத்துவிட வேண்டும். அந்த வருடம் நினைவக விலை சரிந்ததால்தான் 4 மெகாபைட் கொண்ட அந்த கார்டை வீடுகளுக்கு விற்கிற விலையில் கொடுக்க முடிந்தது. ரேம் விலை ஏறினால் கேம் ஆடுகிறவனுக்குத் தலைவலி, இறங்கினால் கொண்டாட்டம் என்கிற கதை அன்றைக்கே இருந்தது.

ஆனால் சின்ன பட்ஜெட்காரர்கள் இன்றும் பெருமூச்சோடு பேசும் பொருள் இன்னும் இரண்டு வருடம் கழித்து வந்தது. இண்டெல் 1998 ஏப்ரலில் மலிவு விலைக்கென்று செலரான் என்ற ப்ராசஸரை விட்டது. பெண்டியம் 2இலிருந்து கேஷ் நினைவகத்தை மொத்தமாக எடுத்துவிட்டு விற்ற சரக்கு. எல்லோரும் திட்டினார்கள். ஆகஸ்ட் 24 அன்று திருத்திய மாடலாக செலரான் 300ஏ வந்தது. இந்த முறை 128 கிலோபைட் கேஷைச் சில்லுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். பெண்டியம் 2இல் கேஷ் 512 கிலோபைட், ஆனால் தனிச் சில்லில், பாதி வேகத்தில் ஓடும். செலரானின் சின்ன கேஷ் முழு வேகத்தில் ஓடியது. கேம்களில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

ப்ராசஸரின் வேகம் என்பது பஸ் வேகத்தை ஒரு எண்ணால் பெருக்கி வருவது. 300ஏயில் அந்த எண் 4.5, மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தது. பஸ் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கினால் 300. அதே வருடம் வந்த 440பிஎக்ஸ் போர்டுகளில் பஸ்ஸை 100 ஆக்கலாம். 100ஐ 4.5ஆல் பெருக்கிப் பாருங்கள். 450. 300ஏக்களில் பெரும்பாலானவை எந்தப் புகாரும் இல்லாமல் அதில் ஓடின. செட்டிங் இல்லாத போர்டு வைத்திருந்தவர்கள், ப்ராசஸர் கார்டில் பி21 என்ற முனையில் டேப் ஒட்டி மறைத்தார்கள். போர்டு ஏமாந்து 100க்குப் போனது. 300ஏயின் விலை 149 டாலர். அதே நாளில் இண்டெல் வெளியிட்ட பெண்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸின் விலை 669 டாலர்.

ஒரு கம்பெனி எதற்கு இப்படித் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறது? மலிவுச் சரக்கென்று தனியாக மட்டமான பொருள் எப்போதும் தயாராவதில்லை என்பதுதான் விஷயம். பல சமயம் நல்ல பொருளைத்தான் அடக்கி, பூட்டி, பெயர் மாற்றி விற்கிறார்கள். 2009இல் ஏஎம்டியின் ஃபீனம் 2 எக்ஸ்3இல் அது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. நாலு கோர் சில்லில் ஒரு கோரை அணைத்து, மூன்று கோர் என்று விற்றார்கள். சிலவற்றில் அந்தக் கோர் உண்மையிலேயே பழுது. சிலவற்றில் பழுதில்லை, மூன்று கோருக்கு ஆர்டர் இருந்தது, அணைத்துவிட்டார்கள். போர்டு செட்டிங்கில் ஒரு வரியை மாற்றி நாலாவது கோரை எழுப்பியவர்கள் உண்டு. எழும்பாமல் போனவர்களும் உண்டு.

எதிர்ப்பக்கமும் நடந்தது. 2001இல் என்விடியா விட்ட ஜிஃபோர்ஸ் 3இல் ஷேடர் என்ற புதுத் திறமை இருந்தது. 2002இல் விட்ட ஜிஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் பெயரில் நாலு, விலையில் மலிவு, உள்ளே அந்த ஷேடர் கிடையாது. 2003இல் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சேண்ட்ஸ் ஆஃப் டைம் வந்தபோது மூன்று வைத்திருந்தவன் ஆடினான், நாலு எம்எக்ஸ் வைத்திருந்தவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

இந்தக் கதையெல்லாம் 2004இல் எனக்கு மனப்பாடம். ப்ளஸ் டூ முடித்திருந்தேன். கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி வாங்கிப் படித்து, எம்எக்ஸ் என்றால் தொடக்கூடாது என்கிற அளவுக்கு விவரம். அப்பா மோட்டார் வைண்டிங் வேலை செய்தவர். பம்ப்செட், மிக்ஸி, சீலிங் ஃபேன். அவர் எடுத்த சீட்டுப் பணம் 28,000 ரூபாயோடு செங்கல்பட்டிலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் எழும்பூர் வந்து ரிச்சி ஸ்ட்ரீட் போனோம்.

கொட்டேஷனை நான்தான் பேசினேன். அப்பா பேசவில்லை. ப்ராசஸரில் ஒரு படி இறங்கி அந்தக் காசைக் கிராஃபிக்ஸ் கார்டில் போட்டேன். ரேம் 256. கேபினெட் கண்ணாடி மாதிரிப் பளபளப்பாக, முன்னால் நீல லைட்டோடு. அதற்குள் வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைப் பையன் திருகுவதற்காக வெளியே எடுத்து வைத்தபோது அப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். தூக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். வாங்குகிற எந்த மோட்டாரையும் தூக்காமல் வாங்க மாட்டார்.

"ரொம்ப லேசா இருக்கே தம்பி. உள்ள காப்பர் இருக்கா?"

"நானூறு வாட்ஸ் சார், ஸ்டிக்கர் பாருங்க" என்றான் பையன்.

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "அப்பா, இது மோட்டார் இல்ல. சும்மா இருங்க" என்றேன். கடைப் பையன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

எட்டு மாதம் வைஸ் சிட்டியும் கவுண்டர் ஸ்ட்ரைக்கும் ஓடின. ஏப்ரல் மாதம், மத்தியானம், கரண்ட் போய் வந்தது. பட்டாசு மாதிரி ஒரு சத்தம், பின்னாலிருந்து கருகிய வாடை. எஸ்எம்பிஎஸ் போனால் பரவாயில்லை, அது போகும்போது போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போனது. கடையில், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றித் தருகிறோம், அதனால் போனதற்கு வாரண்டி இல்லை என்றார்கள்.

அன்றைக்கு ராத்திரி அப்பா அந்த டப்பாவைக் கழற்றி ஸ்டிக்கரைப் படித்தார். 12 வோல்ட், 13 ஆம்பியர். "பன்னண்டு பதிமூணு நூத்தம்பத்தாறு. நானூறுன்னானே, மீதி எங்க?" மீதி 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் இருந்தது. அவை பழைய காலத்து மெஷின்கள் அதிகம் உறிஞ்சிய வோல்ட்டேஜ்கள். பெண்டியம் 4 வந்தபின் ப்ராசஸர் 12 வோல்ட்டை நம்ப ஆரம்பித்தது. 2000இல் அதற்கென்றே நாலு முனை வயர் ஒன்று தனியாகச் சேர்க்கப்பட்டது. ஸ்டிக்கரில் கூட்டுத்தொகை சரி. எனக்கு வேண்டிய இடத்தில் 156 வாட்தான். உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் சின்னது, ஹீட் சிங்க் அலுமினியத் தகடு, வடிகட்டும் பாகங்கள் வர வேண்டிய இடத்தில் வெறும் துளைகள். லேசாக இருந்ததற்கு அதுதான் காரணம். சைரிக்ஸின் 200+ பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய நான், நானூறு என்ற எண்ணை அப்படியே நம்பியிருந்தேன்.

அப்பா எதுவும் சொல்லவில்லை. போர்டு மறுபடி வாங்க ஒன்றரை வருடம் ஆனது.

*

அதற்குப்பின் நிறைய மாறிவிட்டது. 2004இல்தான் அமெரிக்காவில் 80 ப்ளஸ் என்ற சான்று தொடங்கியது. அது பார்ப்பது மின்சாரம் வீணாகாமல் மாறுகிறதா என்பதை மட்டும்தான், அதுவும் 23 டிகிரி வெப்பத்தில். நம் ஊர் மே மாதத்தை அது பார்த்ததில்லை. ஆனாலும் தகடும் வெறும் துளையுமாக ஒரு டப்பாவைச் செய்து அந்தச் சான்றை வாங்குவது கஷ்டம். ப்ராசஸரில், 2007 முதல் பத்து வருடம் இண்டெல் சாதாரண வாடிக்கையாளருக்கு நாலு கோரைத் தாண்டவில்லை. 2017இல் ஏஎம்டி ரைசன் வந்தபின் அந்த வருடமே ஆறுக்குப் போனது. ரைசனின் ஏஎம்4 போர்டு வாங்கியவர்கள் பலர் ஐந்து வருடம் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். போட்டி இருந்த வருடங்களில் சின்ன பட்ஜெட்காரன் பிழைத்தான்.

வரிசையில் வேறு யாராவது வந்து நின்ற வருடங்களில் பிழைக்கவில்லை. 2020, 21இல் கிராஃபிக்ஸ் கார்டுகளை எத்திரியம் தோண்டுகிறவர்கள் அள்ளிப் போனார்கள். 2022 செப்டம்பரில் எத்திரியம் முறையை மாற்றியபின்தான் கார்டு மறுபடி கேம் ஆடுகிறவன் கைக்கு வந்தது. 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா செண்டர்கள் நினைவகத்தை வாங்கிக் குவிக்க, ரேம் விலை ஏறியது. அக்கா பையன் பட்டியலில் ரேம் வரிக்குப் பக்கத்தில் ஒரு அழுகிற முகம் போட்டிருந்தான். அவனுடைய அறுபதாயிரத்துக்கு அந்தச் சந்தையில் மரியாதை இல்லை. அவன் கையில் இருப்பது தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் உட்கார்ந்து பட்டியலைத் திருத்தினோம். ப்ராசஸரில் ஒரு படி இறக்கினேன்; அவன் ஆடும் கேம்களுக்கு ஆறு கோர் போதும். கலர் விளக்கு கேபினெட்டை அடித்தேன், காற்றுப் போக வழியுள்ள சாதா கேபினெட் எழுதினேன். போர்டில் அவனுக்குத் தேவைப்படாத வசதிகளுக்கான காசை எடுத்தேன். கார்டில் கை வைக்கவில்லை. கேம் மெஷினில் பணத்தில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் அங்கே போவது நியாயம்தான். ரேம் 16 ஜிபி, இன்னொன்று செருக இடம் விட்டு. மிச்சம் வந்ததில் எஸ்எம்பிஎஸ் வரிக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஒதுக்கினேன்.

"நாலாயிரமா? அதுல எத்தன ஃப்ரேம் கூடும் மாமா?"

"ஒண்ணும் கூடாதுடா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "தாத்தாகிட்ட கேட்டியா?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. செங்கல்பட்டு வீட்டில் அட்டாலியில் இருக்கும் அந்தப் பழைய டப்பாவைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரியைப் பார், ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்கு, வருகிற தொகை பெரிய எழுத்தில் போட்ட வாட்ஸுக்குப் பக்கத்தில் வருகிறதா பார், எத்தனை வருடம் வாரண்டி என்று கேள் என்றேன். கனத்தை மட்டும் நம்பாதே, கனத்தையும் ஏமாற்ற ஆள் இருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

அடுத்த வாரம் ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வீடியோ கால் பண்ணினான். கவுண்டரில் இரண்டு டப்பா. கடைக்காரர் பில் போட அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். இவன் ஃபோனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். "பன்னண்டு நாப்பத்தஞ்சு எவ்ளோ மாமா?" என்றான். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஐநூத்தி நாப்பது" என்றேன். "பில் போடச் சொல்லு."